களத்துப் புறம்போக்கில் ஆறாவது வீடு

பழங்காநத்தம் ரவுண்டானாவைத் தாண்டித் தெற்கே போகிற டவுன் பஸ்ஸில் ஏறி அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் இப்போதெல்லாம் கண்டக்டருக்குப் புரிவதில்லை. "எந்த ஸ்டாப்புன்னு சொல்லுங்க" என்பார். ஒரு காலத்தில் தனி ஊராட்சியாக இருந்து பிறகு மாநகராட்சிக்குள் வந்த இடம் அது. அங்கே தெருவில் சும்மா நிற்கிற ஆள்கூட ஒரே சமயத்தில் நாலைந்து ஊரில் நிற்கிறார். வருவாய்த் துறைக்கு அது இன்னமும் கிராமம். மாநகராட்சிக்கு அது வார்டு. அந்த எண்ணும் நான் பார்க்க இரண்டு முறை மாறிவிட்டது. தபால்காரருக்குப் பழங்காநத்தம். சட்டசபைக்குத் திருப்பரங்குன்றம். பாராளுமன்றத்துக்கு விருதுநகர். மதுரையில் குடியிருந்துகொண்டு விருதுநகருக்கு எம்.பி.யை அனுப்புகிற விஷயத்தை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் முழுசாக நம்பவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பூத் ஸ்லிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஊருக்கு ஒன்பது வருஷம் நான்தான் வி.ஏ.ஓ. கிராம நிர்வாக அலுவலர் என்று போர்டில் எழுதியிருக்கும். யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிறது. இப்போது பழங்காநத்தத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். இரண்டு முழங்காலும் போய்விட்டது. கீழே இறங்கிப் பால் பாக்கெட் எடுத்து வருவதே ஒரு நாள் வேலை மாதிரி ஆகிவிட்டது. வேலையில் இருந்தபோது செய்ததையெல்லாம் மறந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பாதி மறந்தும் விட்டேன்.

போன வருஷம் ஒரு காலை நேரத்தில் ஒரு அம்மாள் அந்த மாடிப்படி அத்தனையும் ஏறி வந்தார். ஐம்பத்தைந்தை ஒட்டிய வயது. கையில் பிளாஸ்டிக் ஃபைல்.

"சார், என்னையத் தெரியுதா? களத்துல கடைசி வீடு."

தெரியவில்லை. "தெரியுது, வாம்மா" என்றேன். முகம் தெரியாதவரிடம் தெரிகிறது என்று சொல்வது உத்தியோகத்தில் படிந்த பழக்கம். மூட்டு போன பிறகும் அது போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காராமல் ஃபைலைப் பிரித்தார். ரேஷன் கார்டு, ஆதார், மாநகராட்சி வரி ரசீது, மகள் பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், கணவரின் இறப்புச் சான்றிதழ்.

"இம்புட்டுப் பேப்பர் இருக்கு. பட்டாவுக்கு ஒண்ணும் காணாதுங்கிறாக. அவுக சொல்ற வருசத்துக்கு முந்தியே நீ அங்க இருந்ததுக்கு என்னம்மா அத்தாட்சிங்கிறாக. எனக்கு யாரைத் தெரியும்? உங்களத்தேன் தெரியும்."

களம் என்றதும் இடம் ஞாபகம் வந்தது. ஊருக்கு மேற்கே கண்மாய். அதிலிருந்து ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் நெல் வயல். அறுத்த நெல்லை அடிக்கிறதுக்கு ஊர்ப் பொதுவில் ஒரு மேடான இடம். கணக்கில் அதற்குப் பெயர் களத்துப் புறம்போக்கு. நான் அங்கே மாற்றலாகி வந்தபோதே வயலில் முக்கால்வாசி பிளாட் போட்டு விற்றாகிவிட்டது. வயல் போன பிறகு களத்துக்கு என்ன வேலை? ஆறு குடும்பம் வந்து ஓலை போட்டு உட்கார்ந்துகொண்டார்கள். இன்று அங்கே நீல போர்டு வைத்த தெரு இருக்கிறது, குழாய் இருக்கிறது, ஆறும் மொட்டை மாடி வீடு. ஆனாலும் நிலம் அரசாங்கத்துடையது. அப்படிப்பட்ட இடத்தில் ரொம்ப காலமாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா கொடுக்கிற முகாம் போட்டிருந்தார்கள். ஐந்து வீட்டுக்குப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது. ஆறாவது வீட்டுக்கு வரவில்லை.

வராதது மட்டும் இல்லை. அந்தப் பகுதிக்குக் குடிதண்ணீர்த் தொட்டி கட்ட இடம் தேடியிருக்கிறார்கள். களத்தில் ஐந்து வீடு போக மீதி இடம் காலி என்று பழைய கணக்கு சொல்கிறது. அந்தக் காலி இடத்தில்தான் இந்த அம்மாள் முப்பது வருஷமாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பட்டா இல்லையென்றால் வீட்டைக் காலி செய்துவிட்டு, ஊருக்கு வெளியே இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் உள்ள அரசாங்க அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒதுக்குகிற வீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் அந்தத் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர். காலையில் போய் அடுப்பைப் பற்றவைத்தால்தான் மத்தியானம் பிள்ளைகளுக்குச் சோறு. வீடு போனால் வேலையும் போகும் என்று அவர் சொல்லவில்லை. "ரெண்டு பஸ்ஸு சார்" என்று மட்டும் சொன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வி, "பி மெமோ இருக்காம்மா?" என்பது.

கேட்ட மாத்திரத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதேன் எனக்கு எழுதலையே சார்" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. நன்றி சொல்கிற குரல்.

வருவாய்த் துறையில் இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அடங்கல் என்று ஒரு கணக்குப் புத்தகம். ஊரிலுள்ள ஒவ்வொரு சர்வே நம்பரிலும் அந்த வருஷம் என்ன இருந்தது, நெல்லா சோளமா தரிசா வீடா என்று வி.ஏ.ஓ. நேரில் நடந்து பார்த்து அதில் எழுத வேண்டும். அரசாங்க நிலத்தில் யாராவது வீடு போட்டிருந்தால் அதையும் எழுதி, அந்த ஆளுக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதுதான் பி மெமோ. வாங்குகிறவனுக்கு அது ஒரு தண்டனைச் சீட்டு. ஆனால் வருஷம் ஆக ஆக அந்தச் சீட்டுக்கு மதிப்பு ஏறும். இந்த ஆள் இந்தத் தேதியில் இந்த இடத்தில் குடியிருந்தான் என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்ட காகிதம் வேறு எது இருக்கிறது? விவரம் தெரிந்தவன் 'எனக்கு ஒரு பி மெமோ போட்டுக் கொடுங்க சார்' என்று கேட்டு வாங்குவான். களத்துக்காரர்கள் விவரம் தெரிந்தவர்கள் இல்லை. அவர்களை விடுங்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் அந்த வேலைக்குப் பிறந்தவன் இல்லை. எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். அப்பாவும் சித்தப்பாவும் ஜவுளிக் கடைக் கணக்கு. நான் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தேன். முதலில் உசிலம்பட்டிப் பக்கம் போட்டார்கள். கம்பையும் சோளத்தையும் நான் கதிரை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கவே ஒரு வருஷம் ஆனது. ஊர்க்காரர்கள் எனக்குப் 'பட்டுச்சேலை வி.ஏ.ஓ.' என்று பெயர் வைத்திருந்தார்கள். மானாவாரி நிலம், வெயிலில் மைல் கணக்கில் நடை. அங்கிருந்து மதுரைக்குப் பக்கத்தில் மாற்றல் கிடைத்தபோது, அப்பாடா, இனிமேல் நடக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அப்படி.

களத்துக்கு நான் முதல்முதல் போனது ஒரு பங்குனி வெயிலில். ஜமாபந்தி வரப்போகிறது, வருஷத்துக்கு ஒரு தடவை ஊர்க்கணக்கு மொத்தத்தையும் தாலுகா ஆபீஸில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிற சடங்கு. அதற்கு முன்னால் களத்து வீடுகளை எழுதி முடித்துவிட வேண்டும் என்று கிராம உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வீட்டில் ஒரு கொத்தனார். வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"எழுதுங்க. எழுதி என்னத்தக் கிழிச்சிருவீகன்னு பாப்பம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவருக்கு முதல் மெமோ. அவர் கொடுத்த தைரியத்தில் அடுத்த நாலு வீட்டுக்காரர்களும் கத்தினார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொன்று. ஒருவர் வாங்க மாட்டேன் என்றார்; கதவில் ஒட்டினோம். திரும்பி நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் என் குடும்பம் மொத்தத்தையும் இழுத்து வைதார்கள். எனக்கு வாய் உலர்ந்துபோயிருந்தது.

ஆறாவது வீடு கடைசியில், வாய்க்கால் ஓரத்தில். உள்ளே ஒரு சின்னப் பெண், இடுப்பில் கைக்குழந்தை. அவர் சத்தம் போடவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்தேன். புத்தகத்தைப் பிரித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"எழுதிராதீக சார். கவருமெண்டுப் புஸ்தகத்துல பேரு ஏறிருச்சுன்னா எங்க வீட்டுக்காரரு இங்க இருக்கப் பயப்படுவாக. பேரையூருக்கே போயிருவோம்பாக. அங்க எங்களுக்கு என்னா இருக்கு?"

கணவர் பேரையூர்ப் பக்கத்துக்காரர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ரேஷன் கார்டைக்கூட ஊரிலேயே வைத்திருந்தார்கள். இங்கே நிரந்தரமாக இருப்போம் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை. நான் புத்தகத்தை மூடினேன். 'களம், ஐந்து வீடு, மீதி காலி' என்று ஆபீஸில் வந்து எழுதினேன்.

இரக்கம்தான். அதில் பொய் இல்லை. ஆனால் முழுசும் இரக்கம் என்று சொன்னால் அது பொய். ஒரு மெமோவுக்கு இத்தனை நகல் எழுத வேண்டும், எனக்குக் கை வலித்தது. ஐந்து வீட்டில் வசவு வாங்கியவனுக்கு ஆறாவது வீட்டில் ஒருத்தர் தண்ணீர் கொடுத்து 'சார்' என்றால் அவன் என்ன செய்வான்? நல்லவனாக இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது. சுலபமாகவும் இருந்தது. எழுதாமல் விடுவதைவிட சுலபமான நல்ல காரியம் வேறு என்ன இருக்கிறது?

அடுத்த வருஷம் அந்த இடத்தில் 'மேற்படி' என்று எழுதினேன். அதற்கு அடுத்த வருஷமும் மேற்படி. உண்மையைச் சொன்னால், இரண்டாம் வருஷத்திலிருந்து நான் களத்துக்குப் போகவே இல்லை. யாரும் போவதில்லை. போன வருஷப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஃபேனுக்கடியில் உட்கார்ந்து இந்த வருஷத்தை எழுதுவோம். அறுவடையாகிப் பிளாட்டாகிக் கல் நட்ட வயலிலும் கணக்கில் நெல் விளைந்துகொண்டிருக்கும். எனக்குப் பின்னால் வந்தவர்கள் என்னைப் பார்த்து மேற்படி போட்டார்கள். ஊர் மாநகராட்சியில் சேர்ந்து, நகரத்துக்கான புது நில அளவை வந்து, அந்தப் புத்தகங்கள் மூட்டை கட்டப்படும்வரை அந்த வீடு அந்த ஊரில் இல்லை.

அந்த அம்மாள் மட்டும் ஒவ்வொரு தடவை என்னை ரோட்டில் பார்க்கும்போதும் நின்று கும்பிடுவார். "சார் புண்ணியத்துல இருக்கோம்" என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒத்துக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிடித்திருந்தது. முப்பத்தைந்து வருஷ உத்தியோகத்தில் என்னை அப்படிக் கும்பிட்டவர்கள் ரொம்பப் பேர் இல்லை.

"நாளைக்குத் தாலுகா ஆபீஸுக்குப் போவோம்மா" என்றேன். "நான் வந்து சொல்றேன்."

என் மனைவி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த அம்மாள் இறங்கிப் போனதும் வந்தாள். "பென்சன்ல கையை வச்சிருவாகளா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "போயிட்டு வாங்க. தைலம் தேய்ச்சு விடுறேன்" என்றாள்.

தாலுகா ஆபீஸில் துணை தாசில்தார் ஒரு பெண். என் மகளைவிட சின்ன வயது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார். அந்த மரியாதையே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. பழைய அடங்கலை எடுத்துவரச் சொன்னார். நூல் பிரிந்து, ஓரம் பூச்சி அரித்துப்போன புத்தகம். பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். என் கையெழுத்து. அப்போதெல்லாம் நன்றாக எழுதுவேன். குண்டு குண்டாக, நேராக. மீதி காலி. கீழே என் சுருக்கொப்பம்.

"இது தப்பு. அன்னைக்கே இந்தம்மா அங்க வீடு போட்டிருந்தாங்க. நான்தான் எழுதாம விட்டேன். வாக்குமூலமா எழுதித் தர்றேன்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளை ஒரு தடவை பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்தப் புத்தகத்துல அஞ்சு வீடுன்னு இருக்கு. அதை நம்பித்தான் அஞ்சு பேருக்கு பட்டா ரெடியாகுது. இந்தப் பக்கமே தப்புன்னு நீங்க எழுதிக் கொடுத்தா, மேல இருக்கிறவங்க அந்த அஞ்சையும் நிறுத்தி வச்சுட்டு விசாரிக்கச் சொல்லுவாங்க. எழுதினவரே தப்புன்னு சொல்றாரேம்பாங்க."

நான் அடங்கலை மூடி வைத்தேன்.

"அக்கம்பக்கத்துக்காரங்க கையெழுத்துப் போட்ட மகஜர் ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இவங்க எங்களோடதான் வந்தாங்கன்னு அந்த அஞ்சு குடும்பமும் சொன்னா, உங்க வாக்குமூலத்தையும் சேர்த்து அனுப்பிப் பார்க்கலாம். தொட்டிக்கு இடம் ஒப்படைக்கிறதுக்கு முன்னாடி வந்துட்டா நல்லது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "காரணம்னு ஒரு வரி வேணும் சார். ஏன் எழுதலைன்னு."

"பாவமா இருந்துச்சு. விட்டுட்டேன்."

"அப்படி எழுதினா வேணும்னே விட்டதா ஆயிரும். கவனக்குறைவுன்னு போடுங்க சார். அது யாரையும் ஒண்ணும் பண்ணாது."

கவனக்குறைவு என்று எழுதினேன். நான் முப்பது வருஷமாக நல்ல காரியம் என்று மனதில் வைத்திருந்ததற்கு அரசாங்கத்தில் இருக்கிற சொல் அதுதான். யோசித்தால் தப்பான சொல்லும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மகஜரை எழுதி எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். கொத்தனார் வீட்டு வாசலில் நாற்காலி போட்டார்கள். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு பக்கம் காது கேட்கவில்லை. நான் உட்காருவதற்குள் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நான் அன்று அவருக்குக் கொடுத்த பி மெமோ. லேமினேட் பண்ணி வைத்திருந்தார்.

"அன்னைக்கு உங்கள எம்புட்டு வஞ்சேன். இன்னைக்கு இதேன் எங்களுக்குச் சாமி" என்றார். மற்ற நாலு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். ஒரு மருமகள் எனக்குக் காப்பி கொடுத்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். ஆறாவது வீட்டு அம்மாள் தன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், கிட்டே வரவில்லை.

"அவுக எங்க கூட வந்தவுகதேன். அதுல பொய் இல்ல" என்றார் கொத்தனார். "ஆனா சார், அவுகளுக்குன்னு நாங்க எழுதப்போயி, புஸ்தகமே தப்புன்னு எங்களுதையும் நிப்பாட்டிட்டா?"

தாலுகா ஆபீஸில் துணை தாசில்தார் சொன்னதையே இவர் படிக்காமல் சொல்லிவிட்டார். அப்படி ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஆகலாம் என்றுதானே எனக்கும் தெரியும்?

"எங்க கைக்குப் பட்டா வந்திரட்டும் சார். மறுநாளே அஞ்சு பேரும் போட்டுக் குடுத்துருவோம். எங்கே போகப்போறோம்?"

"தொட்டிக்கு எடத்த ஒப்படைச்சிட்டா?" என்றேன்.

"அதுக்கெல்லாம் நாளாகும். கவருமெண்டு வேலை உங்களுக்குத் தெரியாததா?"

ஒருத்தர்கூட ஈவு இரக்கம் இல்லாதவர் இல்லை. முப்பது வருஷம் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அந்த அம்மாளின் கணவர் செத்தபோது பாடை கட்டியது கொத்தனார்தான். கூரை நிற்குமா என்று வரும்போது யாருக்கும் முதலில் தன் கூரைதான். அன்று ஐந்து வீட்டையும் எழுதிவிட்டு ஒரு வீட்டை விட்டுப் பிரித்தது அவர்கள் இல்லை. நான்தான். எனக்கு அவர்கள் மேல் கோபப்பட ஆசையாக இருந்தது. கோபம் வரமாட்டேன் என்றது.

எழுந்து ஆறாவது வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"சரிதேன் சார். மொதல்ல அவுக கைக்கு வரட்டும். ஏஞ்சோலிக்காக அவுகளுக்கு இல்லாமப் போயிருச்சுன்னா இந்தத் தெருவுல எப்பிடி இருப்பேன்?"

பட்டா வருவதற்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதமும் நான் வாரத்துக்கு ஒரு தடவை தாலுகா ஆபீஸுக்கு போன் போட்டேன். துணை தாசில்தார் ஒவ்வொரு தடவையும் எடுத்தார்; அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். 'பாத்துக்கிட்டு இருக்கேன் சார்' என்பார். கடைசித் தடவை எடுத்தது வேறு குரல். அவருக்கு மாற்றல் ஆகிவிட்டது.

பட்டா கைக்கு வந்த மறுநாளே ஐந்து பேரும் மகஜரில் கையெழுத்துப் போட்டு அந்த அம்மாளிடம் கொடுத்தனுப்பினார்கள். சொன்ன சொல் தவறவில்லை. கொத்தனார் கைரேகை வைத்துவிட்டு, பக்கத்திலேயே கோணல் மாணலாகத் தன் பெயரையும் எழுதியிருந்தார். நான் அதை என் வாக்குமூலத்தோடு சேர்த்து, ஆட்டோ பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். புதிதாக வந்திருந்த அதிகாரி வாங்கிப் படித்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். தொட்டிக்கான இடம் போன மாதமே காலி இடமாக ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்றார். இனிமேல் அதைத் திரும்ப வாங்க வேண்டுமென்றால் வேறு இடம் காட்ட வேண்டும்; அந்த வார்டில் வேறு காலி இடம் இல்லை. அடுக்குமாடியில் தரைத்தளமாக ஒன்று ஒதுக்கச் சொல்கிறேன், வயசானவங்க, படி ஏற வேண்டாம் என்றார். தன்னால் முடிந்தது அதுதான் என்றார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது?

வீட்டைக் காலி செய்கிற அன்று நான் போயிருக்க வேண்டியதில்லை. மனைவி போக வேண்டாம் என்றாள். போனேன். களத்துத் தெருவில் ஒரு குட்டியானை வண்டி நின்றுகொண்டிருந்தது. பீரோவும் கட்டிலும் ஏறியாகிவிட்டது. மகளும் மருமகனும் உசிலம்பட்டியிலிருந்து வந்து பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா வேலை வேண்டாமென்று பள்ளிக்கூடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டதாக மகள் சொன்னாள். அடுக்குமாடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் அடுப்புப் பற்றவைக்கிற நேரத்துக்கு வந்துசேர முடியாது என்று ஒரு வாரம் போய்வந்து பார்த்திருக்கிறார்.

என்னைப் பார்த்ததும் கொத்தனார் வீட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எனக்குப் புரியவில்லை. கொத்தனார் மடிப்புக் கலையாத ஒரு பூத்துவாலையைப் பிரித்து என் தோளில் போர்த்தினார்.

"பட்டா வந்த அன்னைக்கே போடணும்னு வாங்கி வச்சது சார். நீங்க இந்தப் பக்கம் வரல. நீங்க அன்னைக்கு எழுதலைன்னா நாங்க இன்னைக்கு இல்ல."

ஐந்து குடும்பத்துக்காரர்களும் கும்பிட்டார்கள். ஒருத்தர் போன் எடுத்துப் படம் பிடித்தார். பத்தடி தள்ளி அந்த அம்மாள் கேஸ் அடுப்பை வண்டியில் வைத்துவிட்டு, முந்தானையில் முகத்தைத் துடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். துவாலையை எடுக்கவும் முடியவில்லை, போட்டுக்கொண்டு நிற்கவும் முடியவில்லை. செத்துப்போய்விடலாம் போல இருந்தது. இந்த வயசில் அப்படி நினைப்பதற்கும் ஒரு அர்த்தம் இல்லை.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன்.

"என் தப்பும்மா" என்றேன்.

அவர் என் தோளைப் பார்த்தார், பிறகு களத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு இவுக அம்புட்டுப் பேரும் உங்கள வஞ்சாக சார். நான் ஒருத்திதேன் நல்ல மனுசன், நல்ல மனுசன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"இப்ப நீயும் திட்டிரும்மா. நான் கேட்டுக்கிறேன்."

"எங்கிட்டு சார் வைய?" என்றார். "முப்பது வருசமா ஒண்ணையே சொல்லிப் பழகிருச்சு. இனிமே மாத்திச் சொல்ல வாய் வரமாட்டேங்குது."

சொல்லிவிட்டு, மருமகன் கை கொடுக்க, டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.